'சாப்பர்' பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஊரிலிருந்து மெல்போர்னுக்கு வருகிறவர்கள் "ஒரு நல்ல ஆஸ்திரேலியப் படம் போடுங்க" என்று கேட்டால் நான் போடுவது 2000-இல் வந்த 'சாப்பர்'. கங்காரு, கடற்கரை, சூரிய அஸ்தமனம் எதுவும் இருக்காது. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் கேள்விகள் கிளம்பும். சிரித்துக்கொண்டே கேட்பவர்கள் உண்டு, "இதுக்குப் போய் கூப்பிட்டியா" என்று முறைப்பவர்களும் உண்டு. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கதை முழுக்க வெளியே வந்துவிடும். பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிடுங்கள், 94 நிமிடம்தான்.

படம் எதைப் பற்றி? ரெண்டு வரியில் சொல்லுங்கள்.

மார்க் பிராண்டன் ரீட் என்கிற மெல்போர்ன் ரவுடியைப் பற்றி. ஊர் வைத்த பெயர் சாப்பர். கஞ்சா, ஹெராயின் விற்பவர்களைக் கடத்தி, மிரட்டி, பணம் பறிப்பதுதான் தொழில். ரவுடிகளிடமே மாமூல் வாங்கும் ரவுடி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாதி 1978 வாக்கில் பென்ட்ரிட்ஜ் ஜெயிலுக்குள் நடக்கிறது. இரண்டாம் பாதி எண்பதுகளின் நடுவில், அவன் வெளியே வந்த கொஞ்ச காலம். இரண்டுக்கும் ஃபிரேம் போட்டதுபோல் ஒரு காட்சி: 1991-இல் மறுபடி ஜெயில் அறைக்குள் உட்கார்ந்து, தான் கொடுத்த டிவி பேட்டியைத் தானே பார்க்கிறான். இயக்கியவர் ஆண்ட்ரூ டொமினிக், அவருக்கு இது முதல் படம். சாப்பராக நடித்தவர் எரிக் பானா.

இது காமெடிப் படமா, க்ரைம் படமா? எதற்குச் சிரிக்கிறோம் என்றே தெரியாமல் சிரித்தோம்.

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். பதிலுக்கு முதல் இருபது நிமிடத்திற்குள் வரும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம்.

ஹெச் டிவிஷன் என்பது பென்ட்ரிட்ஜின் மிகக் கொடுமையான பகுதி. அங்கே கீத்தி ஜார்ஜ் என்ற பெரிய கைதிக்கும் சாப்பருக்கும் ஆகாது. ஒரு நாள் பேச்சு முற்றுகிறது. சாப்பர் பாய்ந்து அவன் முகத்திலும் கழுத்திலும் குத்திவிடுகிறான். எத்தனை குத்து என்று எண்ண முடியாது, அவ்வளவு வேகம். கீத்தி சரிந்து தரையில் கிடக்கிறான், ரத்தம் பரவுகிறது. அடுத்த நொடி சாப்பர் முகம் மாறுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் இருந்து விழுந்துவிட்டால் ஓடிப்போய் விசாரிப்போமே, அந்தக் குரலில் "கீத்தி, பரவாயில்லையா?" என்று விசாரிக்கிறான். மன்னிப்புக் கேட்கிறான். சிகரெட் நீட்டுகிறான்.

தியேட்டரில் சிரிப்பு வரும் இடம் கத்திக்குத்து கிடையாது, அந்தச் சிகரெட்தான். குத்தியது ஒருவன், சிகரெட் நீட்டுவது இன்னொருவன் என்றால் அது சாதாரண க்ரைம் படம். இரண்டும் ஒரே ஆள், ஒரே நிமிடத்தில், இரண்டிலும் அவன் மனசாரச் செய்கிறான் என்பதால்தான் நமக்குச் சிரிப்பதா நெளிவதா என்று புரிவதில்லை. என் மனைவி முதல் தடவை பார்த்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்த என் தம்பியைப் பார்த்து, "டேய், இதுல சிரிக்க என்னடா இருக்கு?" என்று அதட்டினாள். அவன், "தெரியல அண்ணி, அடக்க முடியல" என்றான். இந்தப் படத்துக்கு நான் கேட்ட விமர்சனங்களிலேயே நேர்மையானது அதுதான்.

படம் முழுக்க இதே கணக்குதான் ஓடுகிறது. நெவில் பார்டோஸ் என்ற போதைமருந்து வியாபாரியை அவன் வீட்டிலேயே சுட்டுவிட்டு, சுட்டவனே காரில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறான். வழியெல்லாம் பேச்சு ஓயாது. அவனைப் பொறுத்தவரை அவன் உதவிதான் செய்கிறான்.

ஜிம்மி குத்தும்போது சாப்பர் ஏன் அப்படியே நிற்கிறான்?

படத்தின் உச்சம் என்று நான் நினைக்கும் காட்சி. ஜிம்மி லாஃப்னன் ஜெயிலில் அவனுக்கு உயிர் நண்பன். கட்டிப்பிடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டு ஜிம்மி வயிற்றில் குத்துகிறான், மறுபடி குத்துகிறான், மறுபடியும். சாப்பர் கை ஓங்கவில்லை. ஏதோ சின்னப் பிள்ளை வேட்டியைப் பிடித்து இழுக்கிற மாதிரி குனிந்து பார்க்கிறான். என்ன ஆயிற்று உனக்கு என்கிறான். இப்படியே குத்திக்கொண்டிருந்தால் நான் செத்துப்போய்விடுவேன் என்று, ஒரு தகவலைச் சொல்வதுபோல, சொல்கிறான். பிறகு ஜிம்மியைக் கட்டிக்கொள்கிறான்.

"வலிக்காதா அவனுக்கு?" என்று ஒருவர் கேட்டார். வலிப்பதைவிடப் பெரிய விஷயம் நடந்துகொண்டிருக்கிறது என்பதுதான் பானாவின் முகத்தில் இருப்பது. நண்பன் துரோகம் செய்கிறான் என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கிறது, கத்தி அதற்குள் ஏழெட்டு முறை போய் வந்துவிடுகிறது.

இதற்கு நிஜ வாழ்க்கையில் ஒரு முன்கதை உண்டு. 1978-இல் ரீட் மெல்போர்ன் கோர்ட்டுக்குள் துப்பாக்கியோடு நுழைந்து ஒரு நீதிபதியைக் கடத்தப் பார்த்தார். எதற்கு? மனநலம் குன்றிய குற்றவாளிகளை அடைத்துவைக்கும் இடத்தில் இருந்த ஜிம்மி லாஃப்னனை விடுவிக்க. காரியம் நடக்கவில்லை, நீண்ட தண்டனைதான் கிடைத்தது. யாருக்காக அந்தத் தண்டனையோ அவர் கையால்தான் பிற்பாடு குத்தும் வாங்கினார். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள், சிரிப்பு வராது. லாஃப்னனுடைய முடிவும் கொடுமையானது. 1987 அக்டோபரில் பென்ட்ரிட்ஜின் ஜிகா ஜிகா என்ற உயர்பாதுகாப்புப் பிரிவில் கைதிகள் கதவை அடைத்துக்கொண்டு தீ வைத்துப் போராடியபோது இறந்த 5 பேரில் அவரும் ஒருவர்.

காதை அறுத்துக்கொண்டது நிஜமா?

நிஜம். ஹெச் டிவிஷனில் இருந்தால் உயிர் தப்பாது என்ற நிலை, மாற்றச் சொல்லிக் கேட்டும் அதிகாரிகள் மசியவில்லை. சக கைதி ஒருவரிடம் பிளேடைக் கொடுத்து இரண்டு காதுகளையும் அறுக்கச் சொன்னார். மாற்றிவிட்டார்கள். படத்தில் அந்த இடத்தில் என் வீட்டில் பாதிப் பேர் சமையலறைக்குப் போய்விடுவார்கள். நீங்களும் போகலாம், ஒன்றும் குறையாது.

'சாப்பர்' என்ற பெயர் இதனால் வந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை. சின்ன வயதிலேயே வந்த பட்டப்பெயர், ஒரு கார்ட்டூன் நாயின் பெயர்.

அப்படியானால் எது உண்மை, எது கப்சா?

படம் ஆரம்பிக்கும்போதே ஒரு அறிவிப்புப் போடுகிறார்கள்: இது வாழ்க்கை வரலாறு அல்ல, கதைக்காகச் சுதந்திரம் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று. பலர் அதைப் படிக்காமல் சோபாவில் இடம் பிடித்துக்கொண்டிருப்பார்கள், பிறகு என்னிடம் கேட்பார்கள்.

மூலமே சந்தேகத்துக்குரியது என்பதுதான் விஷயம். ரீட் ஜெயிலிலிருந்து மெல்போர்ன் பத்திரிகையாளருக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். அதிலிருந்து 1991-இல் முதல் புத்தகம் வந்தது. சக்கைப்போடு போட்டது. பிறகு வரிசையாகப் புத்தகங்கள். படிக்கிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கொலை எண்ணிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் 19 பேர் என்று சொல்லித் திரிந்தார். சாவதற்குச் சற்று முன் கொடுத்த கடைசிப் பேட்டியில் 4 என்று குறைத்துக்கொண்டார். எந்தக் கொலைக்கும் அவருக்குத் தண்டனை கிடைத்ததில்லை. 1987-இல் செயின்ட் கில்டாவில் ஒரு நைட்கிளப் வாசலில் 'சாமி தி டர்க்' என்று அழைக்கப்பட்டவரைச் சுட்டுக் கொன்ற வழக்கில்கூட, தற்காப்பு என்று சொல்லி விடுதலை ஆகிவிட்டார். இன்னொரு கணக்கு: 20 வயதிலிருந்து 38 வயதுவரை அவர் ஜெயிலுக்கு வெளியே இருந்தது மொத்தம் 13 மாதம். இத்தனை சாகசத்தையும் இந்த 13 மாதத்தில் எப்படிச் செய்து முடித்தார் என்று கேட்காமல் இருக்க முடியாது.

இப்படி ஒரு ஆளை வைத்துப் படம் எடுப்பவர் என்ன செய்வார்? கிளறித் தோண்டி உண்மையைக் கண்டுபிடித்து அதை மட்டும் காட்டலாம். அல்லது அவர் அளந்த கதையை அப்படியே நம்பி எடுக்கலாம். டொமினிக் இரண்டையும் விட்டார். உதார் விடுவதையே படமாக்கிவிட்டார். சாப்பர் ஒரு ஆளிடம் ஒரு மாதிரி சொல்வான், அடுத்த ஆளிடம் வேறு மாதிரி. போலீஸிடம் போய், தான் அவர்கள் ஆள் என்பதுபோல் பேசுகிறான். எதிரே உட்கார்ந்திருக்கும் துப்பறிவாளர், கடன் கேட்டு வந்த மைத்துனரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆளில்லாத இடத்துக்கு அவன் வந்துவிட்டான்.

மெல்போர்னில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஒரு வயசுக்கு மேற்பட்ட யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் "நான் சாப்பரை ஒருதடவை பப்பில் பார்த்தேன்" என்று ஒரு கதை வைத்திருப்பார்கள். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பிளம்பர் மூன்று கதை வைத்திருக்கிறார். மூன்றிலும் அவருக்கு பீர் வாங்கிக் கொடுத்தது சாப்பர்தான். அத்தனை பேருக்கும் பீர் வாங்கிக் கொடுக்க 13 மாதம் போதாது.

கொலைகாரனைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற படம் என்கிறார்களே?

2000-லிருந்தே இருக்கும் குற்றச்சாட்டு. அடிபட்டவர்கள், செத்தவர்களின் குடும்பங்கள் இதே ஊரில் இருக்கின்றன. அவர்கள் பக்கத்திலிருந்து யோசித்தால் குற்றச்சாட்டில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் இது இந்தப் படத்தோடு ஆரம்பித்த வழக்கம் அல்ல. உலகத்தின் முதல் முழுநீளக் கதைப் படம் என்று யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டிருப்பது 1906-இல் மெல்போர்னில் திரையிட்ட ஒரு படம். யாரைப் பற்றி? நெட் கெல்லி. மூன்று போலீஸ்காரர்கள் உயிரைக் குடித்த, வங்கிகளைக் கொள்ளையடித்த, தலையில் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு சண்டை போட்ட கொள்ளைக்காரன். 1880 நவம்பர் 11-ஆம் தேதி தூக்கில் போட்டார்கள். இந்த வகைக் காட்டுக் கொள்ளைக்காரர் படங்கள் சக்கைப்போடு போடவே அரசாங்கம் பயந்துவிட்டது. 1911-இல் தெற்கு ஆஸ்திரேலியாவும் 1912-இல் நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் அவற்றுக்குத் தடை போட்டன. கைதிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கி உருவாக்கிய குடியேற்றம் அல்லவா, போலீஸை எதிர்த்தவன் மீது இங்கே ஒரு பாசம் உண்டு. ரீட் அந்த நாடியைப் பிடித்துப் பார்த்துத்தான் புத்தகம் எழுதினார்.

படம் அந்தப் பாசத்துக்குத் தீனி போடுகிறதா என்று கேட்டால், ஜிம்மியின் ஃபிளாட்டில் நடக்கும் காட்சியைப் பார்க்கச் சொல்வேன். ஜெயிலில் ஆறடி உயரத்தில் நின்ற ஜிம்மி இப்போது ஹெராயினில் கரைந்து எலும்பும் தோலுமாக, அழுக்கான வீட்டில், கர்ப்பிணித் துணையோடு உட்கார்ந்திருக்கிறான். சாப்பர் வருகிறான், விசாரிக்கிறான், துப்பாக்கியை எடுத்து நெற்றியில் வைக்கிறான். அந்த அறையில் ஹீரோ யாரும் இல்லை. பின்னணி இசை ஏற்றிவிடவில்லை, கேமரா கீழே இருந்து பார்த்து அவனைப் பெரிதாக்கவில்லை, மெதுவாக நடந்து வரவில்லை. எங்களோடு பார்த்த ஒரு பையன், சவடால் வசனத்துக்கெல்லாம் கைதட்டிக்கொண்டிருந்தவன், இந்த இடத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

இருந்தாலும் கைதட்டுபவர்கள் கைதட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சில வருஷம் கழித்து ஹீத் ஃபிராங்க்ளின் என்ற நகைச்சுவை நடிகர் மீசையும் கறுப்புக் கண்ணாடியும் பச்சைகுத்தலுமாக சாப்பர் வேஷம் கட்டி டிவியிலும் மேடையிலும் ஓட்டினார், நாடே சிரித்தது. அந்த வேஷத்தில் ஜிம்மியின் ஃபிளாட் கிடையாது. சிகரெட் நீட்டிய கை மட்டும் மிஞ்சியது, குத்திய கை மறந்துபோயிற்று. குறை படத்துடையதா, பார்த்தவர்களுடையதா என்று எங்கள் வீட்டில் இன்னும் தீராத சண்டை.

டான்யாவை அடிக்கும் காட்சி தேவையா?

பெண்கள் பலர் இதோடு எழுந்து போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். டான்யா அவனுடைய காதலி, பாலியல் தொழில் செய்பவள். நெவிலோடு தொடர்பு இருக்கிறது என்று சந்தேகம் வந்து அடிக்கிறான், அதுவும் அவள் அம்மா இருக்கும் வீட்டில். அடித்துவிட்டு, இப்படி ஆனதற்குக் காரணம் நீதான் என்று அவள் மேலேயே பழியைத் தூக்கிப் போடுகிறான்.

கீத்தியிடம் சிகரெட் நீட்டியபோது சிரித்தோமே, அதே குணம்தான் இது. கை நீட்டியபின் நல்லவனாகிவிடுவது. ஆண்களுக்கு நடுவே நடந்தபோது வேடிக்கையாக இருந்தது, வீட்டுக்குள் நடந்தால் எப்படி இருக்கும் என்று காட்டுகிறார்கள். ஆகவே தேவை என்பேன். ஆனால் குறையும் சொல்ல வேண்டும்: டான்யாவுக்கு அடிவாங்குவது தவிர அதிகம் வேலை கொடுக்கவில்லை. கேட் பீஹன் நன்றாக நடிக்கக்கூடியவர், அவருக்கு இன்னும் இரண்டு காட்சி எழுதியிருக்கலாம்.

இவர்தான் 'ஹல்க்' படத்தில் நடித்தவரா? அடையாளமே தெரியவில்லையே.

அவரேதான். 2004-இல் 'டிராய்' படத்தில் ஹெக்டராக வந்தவரும் அவர்தான். அந்த வாய்ப்புகளெல்லாம் இதற்குப் பின்னால் வந்தவை. 'சாப்பர்' வருவதற்கு முன் எரிக் பானா ஆஸ்திரேலியாவில் டிவி காமெடி நிகழ்ச்சிகளில் மிமிக்ரி செய்பவர், மேடையில் ஜோக் அடிப்பவர். அவரைப் போட்டால் சரியாக இருக்கும் என்று டிவியில் பார்த்துவிட்டுச் சொன்னது ரீட்தான் என்பது இங்கே ஊரறிந்த செய்தி. தன்னை நடிக்க ஒரு காமெடியனைத் தேர்ந்தெடுத்தாரே, அதிலேயே அந்த ஆளின் மனசு தெரிகிறது.

பானா போய் ரீட்டோடு தங்கி, பேச்சையும் நடையையும் கவனித்துவிட்டு வந்தார். முதல் பாதிக்கு ஒல்லி, முறுக்கு. பிறகு படப்பிடிப்பை நிறுத்திவைத்தார்கள். அந்த இடைவெளியில் கண்டதையும் தின்று தொப்பை வளர்த்து இரண்டாம் பாதிக்கு வந்தார். ஆனால் எடை போடுவதை யாரும் செய்யலாம். எனக்குப் பிடித்தது அவர் கண். ஜோக் சொல்லிவிட்டு, எதிராளி சிரிக்கிறானா என்று ஒரு நொடி தாமதித்துப் பார்ப்பார். மேடைக் காமெடியனுக்கு மட்டுமே வரும் பார்வை அது. சிரித்துவிட்டால் நிம்மதி. சிரிக்காவிட்டால், கைக்கு எட்டும் தூரத்தில் யாரும் நிற்கக்கூடாது.

அந்த ஆண்டு ஆஸ்திரேலியத் திரைப்பட நிறுவன விருதுகளில் சிறந்த நடிகர் பானா, சிறந்த இயக்குநர் டொமினிக், சிறந்த துணை நடிகர் ஜிம்மியாக வந்த சைமன் லிண்டன். மூன்றும் சரியான இடத்துக்குத்தான் போயின.

இரண்டாம் பாதி தொய்வாக இருக்கிறது. ஒத்துக்கொள்கிறீர்களா?

ஒத்துக்கொள்கிறேன், பாதி. ஜெயிலுக்குள் ஒவ்வொரு காட்சியும் கத்தி முனை. வெளியே வந்ததும் படம் பப், நைட்கிளப், அப்பா வீடு, மறுபடி பப் என்று அலைகிறது. யார் எதிரி, யார் கூட்டாளி என்று பிடிபடுவதில்லை. என் மச்சான் இந்தப் பகுதியில் இரண்டு முறை தூங்கியிருக்கிறார்.

ஆனால் அலைவதுதான் அங்கே கதை. ஜெயிலில் சாப்பருக்கு இடம் உண்டு, பெயர் உண்டு, பயப்பட ஆட்கள் உண்டு. வெளியே அவன் வேலையில்லாத, வயிறு போட்ட, எல்லோரையும் சந்தேகப்படும் ஒரு நடுவயசுக்காரன். நிறத்தையும் கவனியுங்கள். ஜெயில் முழுக்க வெளிறிய நீலம், சுண்ணாம்பு வெள்ளை. வெளியே வந்ததும் கண்ணை உறுத்தும் சிவப்பும் பச்சையும் மஞ்சளும், நாள்பட்ட இனிப்புக்கடைப் பெட்டி மாதிரி.

நடுவில் எல்லோரும் கேமராவைப் பார்த்து எதுகை மோனையோடு பேசுகிறார்களே, அது என்ன?

சாமியைச் சுட்ட சம்பவத்துக்குப் பிறகு வருவது. சுட்டவன், சுடப்பட்டவன், பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு அடியாக ஒப்பிக்கிறார்கள். செத்தவனும் சேர்ந்து சொல்கிறான். நடந்த கொலை அதற்குள் தெருப்பாட்டு ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். சிலருக்கு இது ஒட்டவில்லை. ஒரே நிமிஷம்தான், பொறுத்துக்கொள்ளலாம்.

வசனம் பாதி புரியவில்லை.

சப்டைட்டில் போடுங்கள். இங்கே பத்து வருஷம் இருந்துவிட்டு நானும் போட்டுத்தான் பார்க்கிறேன். கெட்ட வார்த்தை மழை, மூக்கால் இழுக்கும் மெல்போர்ன் புறநகர் உச்சரிப்பு. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பாருங்கள், பெரியவர்களோடும் வேண்டாம். என் மாமனாரோடு பார்த்த தவற்றை நான் செய்திருக்கிறேன்.

அந்த ஜெயில் இப்போதும் இருக்கிறதா? போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. பென்ட்ரிட்ஜ் 1997-இல் மூடப்பட்டது. மூடிய பிறகு அங்கேயே போய்ப் படம்பிடித்தார்கள். சிட்னி ரோடு வழியாகப் போகும் 19-ஆம் நம்பர் டிராமில் ஏறி கோபர்க்கில் இறங்கினால் கருங்கல் மதில் தெரியும். ஆஸ்திரேலியாவில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்ட ரொனால்ட் ரையனுக்கு 1967-இல் தண்டனை நிறைவேறியது இதற்குள்தான். இப்போது உள்ளே அடுக்குமாடி வீடுகள், காபிக் கடைகள், சூப்பர்மார்க்கெட், ஹோட்டல், ஒரு சினிமா தியேட்டரும்கூட. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது, கைதிகள் கல் உடைத்த வளாகத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மா தள்ளுவண்டியில் இருந்த குழந்தைக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தார். தியேட்டரில் வரிசை நின்றது.

ரீட் கடைசியில் என்ன ஆனார்?

திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். 1998-இல் டாஸ்மேனியா ஜெயிலிலிருந்து வெளியே வந்தபின் மறுபடி உள்ளே போகவில்லை. மேலும் புத்தகங்கள், ஓவியங்கள், மேடையில் கதை சொல்லும் நிகழ்ச்சிகள். குழந்தைகளுக்கு என்று ஒரு புத்தகமும் எழுதினார். கல்லீரல் புற்றுநோய் வந்து 2013 அக்டோபர் 9-ஆம் தேதி மெல்போர்னில் இறந்தார், வயது 58. பேசிப் பிழைத்தார் என்று ஒரு வரியில் சொல்லலாம்.

கடைசிக் காட்சி புரியவில்லை. சட்டென்று முடிந்துவிட்டதே?

பேட்டி ஒளிபரப்பாகிறது. சாப்பர் அறையில் கட்டிலில் உட்கார்ந்து பார்க்கிறான், கூட இரண்டு வார்டர்கள். டிவியில் இருக்கும் சாப்பர் ஜோக் அடிக்கிறான், வார்டர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிக்கிறார்களா என்று இவன் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறான். கூட்டாளிகள் மாதிரி மூன்று பேரும். பேட்டி முடிகிறது. வார்டர்கள் எழுந்து ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார்கள், கதவு சாத்தப்படுகிறது. அதற்குப் பிறகு ஒன்றும் நடப்பதில்லை. அவன் உட்கார்ந்திருக்கிறான். முகத்தில் சிரிப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கேமரா நகரவே இல்லை.

போன மாதம் பார்த்தபோது தம்பி அதுவரை சிரித்துக்கொண்டே இருந்தான். அந்த இடத்தில் ரிமோட்டைத் தேட ஆரம்பித்தான். "இரு, பெயர் ஓடட்டும்" என்றாள் என் மனைவி.